ஆர்.சி. இல்லாத கேம்பர் வேனைப் பெயர் மாற்றுவது எப்படி?

கேள்வி (கோத்தகிரி):
கட்டிலும் சமையல் மேடையும் பொருத்திய பழைய வேன் ஒன்றை மைசூரில் வாங்கியிருக்கிறேன். கர்நாடகப் பதிவு எண் கொண்ட அந்த வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) தொலைந்துவிட்டது என்கிறார் விற்றவர். அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவங்களான 29, 30 மட்டுமே கையில் உள்ளன. இவற்றைக் கொண்டு ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என் பெயருக்கு மாற்ற இயலுமா?

பதில் (குன்னூர்):
இயலாது. காவல் துறையில் பெற்ற சான்றுடன் படிவம் 26-ஐ, வண்டி பதிவான கர்நாடக அலுவலகத்தில் பதிவு உரிமையாளரே கொடுத்து நகல் ஆர்.சி. பெற வேண்டும் என்பதால், அவர் தொலைபேசியை எடுக்கும் காலத்திலேயே இதை முடித்துக்கொள்ளுங்கள். பிறகு, வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற, படிவம் 28-இல் அங்கேயே தடையில்லாச் சான்று. அது வந்தால்தான் இங்கே வரி கட்டி, டி.என். 43 எண்ணும் பெயர் மாற்றமும் பெறலாம். பழைய கடன் பதிவு நீங்காமல் இருந்தால் வங்கிக் கடிதமும் படிவம் 35-உம் தேவைப்படும். அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் முதலில் அதைப் பாருங்கள்.

பதில் (கூடலூர்):
சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தடத்தையும் கேட்பார்கள். இத்தகைய வண்டிகளில் அந்த எண் சமையல் மேடைக்கு அடியில் மறைந்திருப்பதுண்டு. தச்சரை அழைக்க நேரலாம். உள்ளே செய்த மாற்றங்கள் ஆர்.சி.யில் ஏறியிருக்கின்றனவா என்பதும் முக்கியம். விற்றவர் தயங்கினால், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயருள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள், உடனே வருவார்.