ஹெப்ரிடியன் வே: தெற்கே தொடங்குவதா, வடக்கே தொடங்குவதா?

எதிர்காற்று எழுதியது:

ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளை நீளவாக்கில் கடக்கும் சைக்கிள் பாதை இது. தெற்கே வாட்டர்சே தீவில் ஆரம்பம், வடக்கே பட் ஆஃப் லூயிஸ் கலங்கரை விளக்கத்தில் முடிவு. 297 கி.மீ., 10 தீவுகள், 6 தாம்போதிகள் (கடலுக்குக் குறுக்கே மேடு போட்டு அமைத்த சாலைகள்), 2 படகுகள். யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான்: தெற்கே தொடங்கு, தென்மேற்குக் காற்று முதுகில் தள்ளும். மே மாதம் போகிறவர்களுக்கும் இதையே சொல்வதுதான் எனக்கு உடன்பாடில்லை. ஸ்காட்லாந்தில் வடகிழக்குக் காற்று மற்ற மாதங்களைவிட அதிகம் வீசுவது வசந்த காலத்தில்தான்.

இன்னொன்று, கடைசி நாள். வடமுனையோடு பயணம் முடிவதில்லை. அங்கிருந்து படகுத்துறை உள்ள ஸ்டோர்னோவேக்கு இன்னும் 43 கி.மீ. போக வேண்டும். அதில் பார்வஸ் கிராமம் வரை சுமார் 24 கி.மீ. நேர் தென்மேற்கே. 'முதுகில் தள்ளும்' என்ற அதே காற்று அன்றைக்கு முகத்தில் அடிக்கும். ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. படகு நேரம் வேறு துரத்தும். வடக்கே தொடங்கினால் அந்தத் துண்டு முதல் நாளே, தெம்பு இருக்கும்போதே முடிந்துவிடும்.

செயின்மசகு எழுதியது:

'மற்ற மாதங்களைவிட அதிகம்' என்பது வேறு, 'தென்மேற்கைவிட அதிகம்' என்பது வேறு. முதலாவது உண்மை. அதை வைத்து இரண்டாவதை நிறுவப் பார்க்கிறீர்கள்.

வடமுனை விஷயம் இன்னும் மோசம். ஸ்டோர்னோவேயில் தொடங்கினாலும் பார்வஸ் போய், முனையைத் தொட்டு, அதே சாலையில் பார்வஸுக்குத் திரும்பித்தான் தெற்கே கலனிஷ் பக்கம் இறங்க முடியும். அதே 24 கி.மீ. எதிர்காற்றை நீங்களும்தான் மிதிக்கிறீர்கள். தூரத்தில் ஒரு கி.மீ.கூட மிச்சமில்லை.

காற்றை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், எனவே ஒரு கணக்கு. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கி.மீ. போகிறீர்கள் என்று வையுங்கள். எதிரே 30 கி.மீ. காற்று வந்தால் உடம்பில் படுவது 45. வேகம் மூன்று மடங்கு, காற்றுத் தடை ஒன்பது மடங்கு. ஆள், பை, சைக்கிள் எல்லாம் சேர்ந்து 110 கிலோ என்றால், சமதரையில் அந்த 15-ஐ விடாமல் பிடிக்க ஏறக்குறைய 220 வாட் வேண்டும். அரை மணி நேரத்தில் நாக்குத் தள்ளிவிடும். 10 கி.மீ.க்கு இறக்கினால் 120 வாட் போதும், நாள் முழுக்க ஓட்டலாம். ஆனால் 60 கி.மீ.க்கு ஆறு மணி நேரம் பெடலை விட முடியாது. இந்த விலையைத் தென் யூயிஸ்ட், பென்பெக்யுலா, வட யூயிஸ்ட் என்று மூன்று தீவு நீளத்துக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

எதிர்காற்று எழுதியது:

பார்வஸ் தூரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது நேரத்தை. முதல் நாள் தாமதமானால் கூடாரத்தை 20 கி.மீ. முன்னாலேயே அடித்துக்கொள்ளலாம். கடைசி நாள் தாமதமானால் படகு போய்விடும்.

திரும்பும் வழியையும் பாருங்கள். தெற்கே பாரா தீவின் காசில்பேயில் படகு ஏறினால் சுமார் நாலேமுக்கால் மணி நேரத்தில் பெருநிலத்தின் ஓபன் துறைமுகம். படகை விட்டு இறங்கினால் ரயில் நிலையம் கூப்பிடு தூரம், நேரே கிளாஸ்கோ. ஸ்டோர்னோவே படகு போய்ச் சேரும் உல்லாபூலில் இறங்கினால் ரயிலே இல்லை. கார்வ் நிலையத்துக்கு 51 கி.மீ. மிதிக்க வேண்டும், வேகமான கார்களும் லாரிகளும் ஓடும் சாலையில். பஸ்ஸை நம்பினால் அதில் சைக்கிளுக்கு இடம் இருக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

கடைசிப்படகு எழுதியது:

ரெண்டு பேருமே காத்தைப் பத்தியே பேசறீங்க. படகு ரத்தானா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல.

ஓபன்–காசில்பே நீளமான திறந்த கடல். காத்து ஏறுச்சுன்னா முதல்ல நிக்கிறது இந்த மாதிரி பாதைதான். நின்னா பெரும்பாலும் மறுநாள்தான் அடுத்த படகு. ஸ்டோர்னோவே–உல்லாபூல் ரெண்டரை மணி நேரம் சொச்சம், கோடையில தினமும் ஒண்ணுக்கு மேல ஓடும். அதனால விமானமோ முன்பதிவு ரயிலோ காத்திருக்கறவங்க காசில்பேயில முடிக்கிற மாதிரி வச்சா நடுவுல ஒரு முழு நாளைச் சும்மா விடணும். ஸ்டோர்னோவேன்னா அரை நாள் போதும்.

அப்புறம் எதிர்காற்று அண்ணே, உல்லாபூல்லேர்ந்து கார்வ் தென்கிழக்கே இருக்கு. உங்க பேரைக் கெடுக்கற மாதிரி, மேற்குக் காத்துன்னா அங்கே பின்காத்துதான் :)

கால்மாக் (இந்தத் தீவுகளுக்குப் படகு விடற கம்பெனி) படகுல சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது, ஆளுக்கு மட்டும்தான். சிக்கல் ரயில்லதான். ஓபன் ரயில்ல சைக்கிள் இடத்துக்கும் காசு இல்ல, ஆனா முன்பதிவு வேணும். சாதாரணப் பெட்டிகள்ல இடம் ஆறோ என்னமோதான். 2021-லேர்ந்து அந்தப் பாதையில சில ரயில்களோட 20 சைக்கிள் ஏத்தற தனிப் பெட்டி வருது. அந்த ரயிலாப் பார்த்துப் புடிங்க.

புதுப்பெடல் எழுதியது:

முன்னால் ஒற்றைப் பற்சக்கரம் 40 பல், பின்னால் கேசட்டில் (பற்சக்கர அடுக்கில்) பெரியது 34 பல். டயர் 700x37. ஹாரிஸில் வரும் கிளிஷம் ஏற்றத்துக்குப் போதுமா? முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு பை மாட்டுவதாகத் திட்டம்.

செயின்மசகு எழுதியது:

கிளிஷம் மலை 799 மீட்டர். சாலை அதன் தோளைத்தான் தாண்டுகிறது, சுமார் 190 மீட்டர் உயரத்தில். ஆனால் டார்பர்ட் ஊரைத் தாண்டி ஏறத்தாழ கடல் மட்டத்திலிருந்தே ஏறுவதால் அவ்வளவும் கால் கணக்கில் சேரும்.

உங்கள் 40-34 கியரில் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 2.56 மீ. நகரும். சுமையோடு மணிக்கு 6 கி.மீ.யில் ஏறினால் நிமிடத்துக்கு 39 சுற்று, முட்டி பேசத் தொடங்கிவிடும். முன்னால் 30, பின்னால் 36 என்றால் அதே வேகத்துக்கு 55 சுற்று. முன் பற்சக்கரம், கேசட் இரண்டையும் மாற்றுங்கள். 40-இலிருந்து 30-க்கு இறங்கினால் செயினில் கண்ணிகளைக் குறைக்க வேண்டியிருக்கும். கடையில் சொல்லிச் செய்யுங்கள், கிளம்பும் முந்தின இரவில் அல்ல.

நாலு பை வேண்டாம். பென்பெக்யுலாவிலிருந்து வட யூயிஸ்ட்டுக்குக் கிரிம்சே வழியாகப் போகும் தாம்போதி சாலை 8 கி.மீ.க்கு இரண்டு பக்கமும் திறந்த கடல் வெளி. பக்கக் காற்று முன் பைகளைப் பிடித்து ஹேண்டிலைத் திருப்பிவிடும். பின்னால் இரண்டு, கேரியர் மேல் கூடாரம், அவ்வளவே. சராசரிக் காற்றைப் பார்க்காதீர்கள், வீச்சைப் (திடீரென்று எகிறும் வேகத்தைப்) பாருங்கள். வீச்சு மணிக்கு 65 கி.மீ. தொட்டால் அன்று தாம்போதிப் பக்கம் போக வேண்டாம்.

பிரேக் பேட் ரெசின் வகையா? ஈரமும் மணலும் சேர்ந்தால் அது சோப்புக்கட்டி போலக் கரையும். உலோகப்பொடி வகை போடுங்கள். கத்தும், ஆனால் நிற்கும்.

எதிர்காற்று எழுதியது:

பேட் விஷயத்தில் செயின்மசகுவோடு சண்டையில்லை. செயினையும் தினமும் மாலை துடைத்து, மழைக்கான கெட்டி எண்ணெய் போடுங்கள். உப்புச் சாரலில் ஒரே இரவில் துரு பூக்கும்.

திசைக்கு இன்னொரு காரணம்: ஞாயிற்றுக்கிழமை. லூயிஸ், ஹாரிஸ், வட யூயிஸ்ட் ஆகியவற்றில் ஓய்வுநாள் இன்னும் அனுசரிக்கப்படுகிறது, கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஸ்டோர்னோவே டெஸ்கோ பேரங்காடி ஞாயிறும் திறக்கத் தொடங்கியதே 2024 நவம்பரில்தான். தென் யூயிஸ்ட்டும் பாராவும் கத்தோலிக்கத் தீவுகள், அங்கே இவ்வளவு கண்டிப்பில்லை. திங்களன்று வடக்கே தொடங்கினால் சனி, ஞாயிறு தெற்கில் வரும்.

செயின்மசகு எழுதியது:

சனிக்கிழமை பாராவில் தொடங்கினாலும் ஞாயிறு தென் யூயிஸ்ட்டில்தானே வரும்! இது திசைக்கான காரணமே இல்லை, கிழமைக்கான காரணம். எந்தப் பக்கம் போனாலும் ஞாயிறு ஹாரிஸில் மாட்டினால், சனியன்றே ஒன்றரை நாள் சோறு பையில் இருக்க வேண்டும். தெற்குத் தீவுகளில் காசில்பே, டாலிபர்க், கிரீகோரி மூன்றிலும் கோ-ஆப் கடை உண்டு.

கடைசிப்படகு எழுதியது:

திசை எதுவானாலும் மாட்ற இடம் ஒண்ணு இருக்கு: வட யூயிஸ்ட் பக்கத்துலேர்ந்து ஹாரிஸுக்குப் போற பெர்னரே–லெவர்பர்க் படகு. ஒரு மணி நேரம்தான், ஆனா அந்த நீரிணை முழுக்கப் பாறை, திட்டு. படகு வளைஞ்சு நெளிஞ்சுதான் போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி கடல் நல்லா வத்தினா சில நடை தள்ளிப்போகும், இல்ல ரத்தாகும். காத்துக்கு வானிலை பார்க்கற நாம இதுக்கு நாட்காட்டி பார்க்கறதில்ல.

என் யோசனை: ரயில் சைக்கிள் இடத்தை ஓபனுக்கும் இன்வர்னெஸ்ஸுக்கும் (கார்வ் பக்கத்து ரயில்) ரெண்டுக்கும் போட்டு வைங்க, இடத்துக்குக் காசில்லையே. கிளம்ப மூணு நாள் முன்னாடி காத்து பார்த்து முடிவு. ஆனா வேண்டாத பதிவை அன்னைக்கே ரத்து பண்ணிடுங்க, இன்னொருத்தர் பிளாட்பாரத்துல நிப்பார்.

எதிர்காற்று எழுதியது:

ரயில் டிக்கெட்டுக்குக் காசு உண்டே. ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாக வாங்கினால்தான் இது நடக்கும், மலிவான முன்பதிவு டிக்கெட்டில் பணம் திரும்பாது. மே மாதத்துக்கு இதை ஏற்கிறேன்.

செயின்மசகு எழுதியது:

மே மாதத்துக்கு நானும். ஜூலை, ஆகஸ்டில் கேட்டால் வாட்டர்சேயில் தொடங்குவதுதான். கொசுவைவிடச் சின்னதான மிட்ஜ் பூச்சி அப்போது உச்சத்தில் இருக்கும், காற்று மணிக்கு 11 கி.மீ. தாண்டினால்தான் அடங்கும். கூடாரம் அடிக்கப் பள்ளத்தைத் தேடாமல் காற்றுள்ள மேட்டைத் தேடுங்கள். வாசலை மட்டும் காற்று அடிக்காத பக்கம் வையுங்கள்.