முதல் கிழமையில் பிள்ளையை எப்படிக் கவனித்தீர்கள்?

அக்காமாரே, ஒரு உதவி. தங்கச்சிக்கு 36 கிழமையிலேயே பிள்ளை பிறந்தது. இரண்டாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். ஐந்தாம் நாள் செங்கமாரி கூடித் திரும்பவும் ஆஸ்பத்திரி, மஞ்சளைக் குறைக்க நீல வெளிச்சத்தில் வைத்தார்கள். மாதம் நிரம்பாத பிள்ளை நித்திரையிலேயே கிடக்கும், இழுத்துக் குடிக்கத் தெம்பிராது, பால் போகாவிட்டால் மஞ்சள் கூடும் என்பது அங்கேதான் விளங்கியது. நாங்களோ அம்மம்மா சொன்னபடி காலை வெயிலில் பிடித்துக்கொண்டிருந்தோம்!

இப்போது எனக்கு எட்டு மாதம். ஒட்டுசுட்டானிலிருந்தும் உள்ளே எங்கள் வீடு, பஸ்ஸும் குறைவு. மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் மருத்துவமாது வந்து பார்க்க முன்கூட்டியே சொல்லி வைத்தவர்கள் இருக்கிறீர்களா? பால் குடித்த நேரம், நனைந்த துணி எல்லாம் எப்படிக் குறித்தீர்கள்? இரவில் பிள்ளை எழும்பாவிட்டால் என்ன செய்தீர்கள்?