போக்கரில் 225 சிப்பில் இருந்து எழுந்து ஜெயித்தேன், இது லக்கா ஆட்டமா?

பாம்பன்_காற்று:

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, எங்கள் படகுக்கு என்ஜின் வேலையும் பெயிண்ட் அடிப்பதும் முடிந்துவிட்டது, சாயங்காலம் ஆனால் செய்ய ஒன்றும் இல்லை. அதனால் நாங்கள் பன்னிரண்டு பேர் (பாம்பனில் ஏழு, மண்டபத்தில் மூன்று, துபாயில் இருக்கிற மச்சான்கள் இரண்டு) இலவச சிப் ஆப் ஒன்றில் தனி டேபிள் போட்டு போக்கர் டோர்னமெண்ட் ஆடுகிறோம். காசு கிடையாது. இரண்டாவதாக வருகிறவன் ஜெயித்தவனுக்கு பரோட்டா சால்னா வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

ஆளுக்கு 3,000 சிப், டேபிளுக்கு ஆறு பேர். பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்னே இரண்டு பேர் கட்டாயமாக வைக்க வேண்டிய சிப், பெரியது பிக் பிளைண்ட்) 100/200 வந்தபோது எனக்கு வந்த இரண்டு சீட்டும் கிங் ஜோடி. சும்மா இருப்பேனா, முழுசாகத் தள்ளினேன். எதிரில் இருந்தவன் ஏஸ் ஜோடியைத் திருப்பிப் போட்டான். மீதி 225 சிப். பாதியில் போனுக்கு இலங்கை டவர் வேறு வந்து ‘ரோமிங்’ மெசேஜ், இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும் அந்தக் கொடுமை.

அடுத்த கை ஏஸ்-ஒன்பது, போனால் போகட்டும் என்று ஆல்-இன், அதாவது இருந்த சிப் முழுவதும். பிளைண்டில் இருந்த இரண்டு பேரும் கால் பண்ணினார்கள் (ஈடாகச் சிப் வைத்தார்கள்), ஃப்ளாப்பில் (நடுவில் பொதுவாக விழும் முதல் மூன்று சீட்டு) ஏஸ் விழுந்தது, 675. அப்புறம் கிங்-குயின், பிக் பிளைண்டில் இருந்தவன் ஜாக் ஜோடியோடு வந்தான், கிங் விழுந்தது, 1,450. அதற்கப்புறம் ஏழு ஜோடி. இதில்தான் சண்டை. மாப்ள ஒருத்தன் குயின் ஜோடியோடு கால் பண்ணினான், டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு) வரைக்கும் ஒன்றும் இல்லை, ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஏழு வந்தது! 3,200.

பிறகு ஒன்றரை மணி நேரம் பொறுமையாக ஆடி, கடைசியில் அதே மாப்ளயோடு நேருக்கு நேர். என் ஏஸ்-ஜாக், அவன் ஏஸ்-எட்டு, முடிந்தது. இப்போது அவன் “இது குருட்டு லக், இதுக்கெல்லாம் பரோட்டா கிடையாது” என்கிறான். ரிவரில் எனக்கு இருந்தது 44 சீட்டில் 2 சீட்டு, நாலரை சதவீதம், அதில் ஜெயித்தவனுக்கு வாய் எதற்கு என்று கேட்கிறான். நியாயம் சொல்லுங்கள்.

—

தொண்டிக்காரன்:

தம்பி, உன் மாப்ள கணக்கைத் தப்பான இடத்தில் பிடிக்கிறார். நாலரை சதவீதம் என்பது டர்னுக்குப் பிறகு உள்ள நிலவரம். அப்போது நீ முடிவு எடுக்க ஒன்றும் இல்லை, சிப் எல்லாம் ஏற்கெனவே நடுவில் கிடந்தது. நீ முடிவு எடுத்தது சீட்டு விழும் முன்னால், கையில் ஏழு பிக் பிளைண்ட் அளவுக்குச் சிப், ஏழு ஜோடி. அந்த இடத்தில் தள்ளாமல் வைத்திருந்தால்தான் தப்பு, நாலைந்து சுற்றில் பிளைண்டே உன்னைத் தின்றிருக்கும். எதிரில் குயின் ஜோடி இருந்தது என்பது பிறகு தெரிந்த விஷயம். தெரிந்தே போட்டிருந்தாலும் ஐந்தில் ஒன்று வாய்ப்பு உண்டு.

லக் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று கையையும் பெருக்கிப் பார்த்தால் சுமார் முப்பதில் ஒரு தடவைதான் இப்படி நடக்கும். ஆனால் ஆறு பேர் டேபிளில் உன் கையில் கிங் ஜோடி இருக்கும்போது மற்ற ஐந்து பேரில் ஒருவரிடம் ஏஸ் ஜோடி இருப்பது நாற்பதில் ஒரு தடவை, அதில் மாட்டித் தோற்பது ஐம்பதில் ஒரு தடவை. அந்த அடி விழுந்தபோது உன் மாப்ள “பாவம், லக் இல்லை” என்று ஒரு வார்த்தை சொன்னாரா? வந்ததை மட்டும் லக் என்கிறார்.

—

வடகடல்:

அண்ணே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 3,200 என்பது ஆரம்பித்த இடம்தான். மொத்தம் 36,000 சிப், அதில் 3,200 என்றால் பதினொன்றில் ஒரு பங்கு. லக் உங்களை மறுபடி வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது, அதற்கப்புறம் ஆடிய ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, எனக்கு அதுதான் தெரிய வேண்டும். எத்தனை கை போல்டு பண்ணினீர்கள் (ஆடாமல் சீட்டை விட்டீர்கள்)?

1982இல் ஜாக் ஸ்ட்ராஸ் என்பவர் லாஸ் வேகாஸில் போக்கர் வேர்ல்டு சீரிஸ் மெயின் ஈவன்டில் 500 மதிப்புள்ள ஒரே ஒரு சிப் மீதி வைத்து மேலே வந்து பட்டத்தையே அடித்தார். ‘ஒரு சிப், ஒரு நாற்காலி இருந்தால் போதும்’ என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சோடு எப்போதும் வருவது அவர் கதைதான்.

—

கீழக்கரை_மச்சான்:

கணக்கெல்லாம் சரி. நான் வேறு கதை சொல்கிறேன். 2024இல் நான் காசுக்கு ஆடினவன், ஐம்பது ரூபாய் டோர்னமெண்ட்தான், பெரிய ஆட்டம் இல்லை. இதே மாதிரி ஒரு ராத்திரி கடைசி நிலையில் இருந்து எழுந்து ஜெயித்தேன், ஆயிரத்துச் சொச்சம் வந்தது. அதற்கப்புறம் மூன்று மாதம், சிப் குறையும்போதெல்லாம் “அன்னைக்கு வந்ததே” என்ற ஞாபகத்தில் குப்பைக் கையை எல்லாம் தள்ளி, வந்ததைப் போல எட்டு மடங்கு விட்டேன். வீட்டில் இன்னும் முழுத்தொகை தெரியாது. 2025 ஆகஸ்டில் மத்திய சட்டம் வந்து காசு ஆட்டத்தையே நிறுத்தியபோது, சத்தியமாக, எனக்கு நிம்மதியாக இருந்தது.

பரோட்டாவைப் பந்தயம் என்று இப்படி வெளியில் எழுதாதே மாப்ள, விருந்து என்று எழுது.

—

பாம்பன்_காற்று:

@வடகடல் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், ஆப்பில் பழைய கை எல்லாம் இருக்கிறது. 3,200 ஆன பிறகு வந்த முதல் 24 கையில் 19 போல்டு. ஒரு ஏஸ்-பத்தைக்கூட விட்டிருக்கிறேன், முன்னால் இரண்டு பேர் ஏற்கெனவே ஆல்-இன் போய்விட்டார்கள் என்பதால். அந்தக் கையில் மாட்டியிருந்தால் மாப்ளதான் பரோட்டா தின்றிருப்பான்.

தொண்டி அண்ணன் எழுதியதை அப்படியே குரூப்பில் போட்டேன். துபாய் மச்சான்கள் இரண்டு பேரும் என் பக்கம் வந்துவிட்டார்கள். மாப்ள பதில் போடவில்லை, நீல டிக் மட்டும் விழுந்தது. ஜூன் 14 ராத்திரியோடு தடை முடிகிறது, அப்புறம் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்கி இரண்டு பேரும் வேறு வேறு படகில் கடலுக்குப் போய்விடுவோம், ஆளைப் பிடிக்க முடியாது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் அவன் வலை பின்னுகிற இடத்துக்கே போய் உட்காரப் போகிறேன்.