மல்யுத்தத்தை மக்கள் காசு கொடுத்துப் பார்க்கும் தொழில்முறை ஆட்டமாக்க முடியுமா?

கேள்வி: வைகைக்கரையான்

2008 பெய்ஜிங் தொடங்கி 2024 பாரிஸ் வரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் இந்திய மல்யுத்தம் ஒரு பதக்கமாவது கொண்டுவந்திருக்கிறது. சுஷில் குமார், யோகேஷ்வர் தத், சாக்ஷி மாலிக், ரவி தஹியா, பஜ்ரங் புனியா, அமன் ஷெராவத் ஆகிய பெயர்களைத் தமிழ்நாட்டில் இருக்கும் நாமும் தயங்காமல் சொல்கிறோம். ஆனால் இவர்களுடைய ஆட்டம் ஒன்றையாவது முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால், கைதூக்குபவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள்.

புரோ மல்யுத்த லீக் 2015 டிசம்பரில் ஆறு அணிகளுடன் தொடங்கியது. முதல் ஏலத்திலேயே யோகேஷ்வர் தத்தை ஹரியாணா அணி 39.7 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. வெளிநாட்டுப் பதக்கக்காரர்களும் வந்து மோதினார்கள். 2017, 2018, 2019 ஜனவரிகளில் மேலும் மூன்று பருவங்கள் நடந்தன. அதன்பின் நின்றுபோன லீக் 2026 ஜனவரியில்தான் மறுபடி உயிர்பெற்றது. மல்யுத்த லீக்குக்கு ஓராண்டு முன்னதாக, 2014-இல் தொடங்கிய புரோ கபடியோ, ஒலிம்பிக்கில் இடமே இல்லாத ஓர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஊன்றி நிற்கிறது. 2017-இல் தமிழ் தலைவாஸ் சேர்ந்த பிறகு நம் ஊர்களிலும் அதற்கென்று ரசிகர்கள் உருவாகிவிட்டார்கள்.

முடிவை முன்பே எழுதி வைத்துக்கொண்டு ஆடும் டபிள்யூ.டபிள்யூ.ஈ. வகைக் காட்சியைப் பற்றி நான் கேட்கவில்லை. உண்மையான மல்யுத்தம் தன் பதக்கப் பெருமையை அரங்கக் கூட்டமாக மாற்றிக்கொள்ள முடியாமல் போனதற்குக் காரணம் ஆட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறதா, அல்லது நடத்தியவர்களின் திட்டத்தில் இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: பிடிமானம்

ஐயா, கல்லூரிக் காலத்தில் சில ஆண்டுகள் மல்யுத்த விரிப்பில் இறங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆட்டத்தின் இயல்பில் குறை கொஞ்சம் உண்டு; திட்டத்தில் இருந்த குறை அதைவிடப் பெரிது.

முதலில் இயல்பு. 2013 பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் செயற்குழு, 2020 ஒலிம்பிக்கின் முதன்மை விளையாட்டுகளிலிருந்து மல்யுத்தத்தை நீக்கப் பரிந்துரைத்தபோது உலகமே அதிர்ந்தது. ஆனால் அன்றைய விதிகளைப் பார்த்தால் அதில் வியப்பில்லை. இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று. ஒரு சுற்றில் இருவரும் புள்ளி எடுக்காவிட்டால் பையிலிருந்து வண்ணப் பந்து ஒன்றை எடுத்து, யார் யாருடைய காலைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது என்று தீர்மானிப்பார்கள். நான்காண்டு உழைப்பைப் பந்து தீர்மானிக்கும் ஓர் ஆட்டத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் மூன்று நிமிடச் சுற்றுகள் இரண்டு, புள்ளிகள் அனைத்தும் சேர்த்துக் கணக்கு, எதிராளியைக் கீழே வீழ்த்தினால் இரண்டு புள்ளி என்று விதிகள் தெளிவடைந்தன; அதே ஆண்டு செப்டம்பரில் இழந்த இடமும் திரும்பக் கிடைத்தது.

இன்றும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. பலகையில் 3-3 என்றோ 1-1 என்றோ இருக்கும்போது ஆட்டம் முடிந்து, நடுவர் ஒருவருடைய கையை உயர்த்துகிறார். எடுத்த பிடிகளில் பெரியது யாருடையது, எச்சரிக்கை யாருக்கு வந்தது, கடைசிப் புள்ளியை யார் எடுத்தார் என்ற வரிசையில் அந்த முடிவு வருகிறது. நுணுக்கம் தெரிந்தவருக்கு அது நியாயம்தான். முதன்முறை வந்து அமர்ந்தவருக்கோ ஏமாற்று வேலையாகத் தெரியும். கபடியில் முப்பது விநாடி, மூச்சு, கோடு ஆகிய மூன்றும் தெரிந்தால் பாட்டிகூட ஆட்டத்தைத் தொடர்ந்துவிடுகிறார்.

இனி லீக்கின் திட்டம். ஓர் அணி மோதலில் ஒன்பது எடைப்பிரிவுகள். ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றிக்கும் ஒரே ஒரு புள்ளி. பத்துப் புள்ளி முன்னிலையில் எதிராளியைத் திணறடித்தாலும், முதுகை விரிப்பில் பதித்தாலும், கடைசி விநாடியில் ஒரு புள்ளியில் தப்பித்தாலும் அணிக்குக் கிடைப்பது ஒன்றுதான். 2015 இறுதிப் போட்டியில் மும்பை கருடா, ஹரியாணா ஹாமர்ஸை 7-2 என்று வென்றது. ஐந்தாவது வெற்றியிலேயே கோப்பை யாருக்கு என்பது முடிவாகிவிடும் ஓர் அமைப்பில், மிஞ்சிய ஆட்டங்களை எதற்காகப் பார்ப்பது?

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் சாதாரண வெற்றிக்கு மூன்று, பெரிய வித்தியாசத்துக்கு நான்கு, அதையும் தாண்டினால் ஐந்து, முதுகைப் பதித்தால் ஆறு என்று அணிக்குப் புள்ளிகள் சேர்கின்றன. 15-20 என்று பின்தங்கிய அணியின் கனஎடை வீரர் கடைசி ஆட்டத்தில் எதிராளியின் முதுகை விரிப்பில் பதித்துவிட்டால் அந்த அணி வென்றுவிடும். எனவே யாரும் இருக்கையை விட்டு எழுவதில்லை. நம் லீக் தொடங்கியதற்கு முந்தைய மாதம், 2015 நவம்பரில், அயோவா பல்கலைக்கழகம் தன் கால்பந்து மைதானத்தில் ஒக்லஹோமா ஸ்டேட் அணியுடன் மோதியதை 42,287 பேர் நேரில் பார்த்தார்கள். அன்றிரவு அங்கேயே அமெரிக்கக் கால்பந்து ஆட்டமும் இருந்தது அந்தக் கூட்டத்துக்கு உதவியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் பகல் வேளையில் மல்யுத்தத்துக்காகவே வந்து அமர்ந்தவர்கள் அவர்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டியது எதிரணியின் ஒரு வீரரைத் தடுக்கும் 'பிளாக்' விதி. லீக் சுற்று மோதல்களில் ஒவ்வோர் அணித்தலைவரும் ஓர் எடைப்பிரிவைத் தடுக்கலாம் என்றிருந்தது. அந்தப் பிரிவில் அன்று போட்டியே கிடையாது. எந்தத் தலைவரும் பலவீனமானவரைத் தடுக்கப் போவதில்லை. யாரைப் பார்க்கக் கூட்டம் வந்ததோ அவரையே ஓரமாக உட்கார வைக்கும் ஒரு விதியைக் கண்டுபிடித்தவரின் கற்பனையை என்னவென்று சொல்வது!

பதில் 2: கோலாப்பூர்த் தமிழன்

பிடிமானம் அவர்கள் சொன்ன விதிக் குறைகளை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதியைத் திருத்தினால் மட்டும் கூட்டம் வந்துவிடாது. வேலை நிமித்தமாக நான் வசிக்கும் இந்த மகாராஷ்டிர ஊரான கோலாப்பூரில் குஸ்திக்குக் கூட்டம் எப்போதும் இருந்திருக்கிறது. கோலாப்பூர் மன்னர் ஷாஹு மகாராஜா 1912-இல் கட்டிய காஸ்பாக் மைதானம் வட்ட வடிவமானது. நடுவில் செம்மண் களம், சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகள். எங்கே அமர்ந்தாலும் களம் மறையாது. அங்கே நடக்கும் தங்கல் எனும் குஸ்திப் போட்டிகளில் புள்ளிப் பலகையைப் பார்த்து ஆட்டத்தைப் புரிந்துகொள்ளும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை; முதுகு மண்ணைத் தொட்டால் முடிந்தது. எந்தத் தாலீமின் (பயிற்சிக்கூடத்தின்) பையன், எந்த உஸ்தாதிடம் (ஆசானிடம்) கற்றவன் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். பிடித்துப்போன இளம் வீரனுக்கு அங்கேயே எழுந்து பணம் அறிவிப்பவர்களும் உண்டு. 1961 முதல் நடக்கும் மகாராஷ்டிர கேசரிப் பட்டத்தை வென்றவர் வெள்ளிக் கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர் திரும்பும்போது கிடைக்கும் வரவேற்பை எந்த விளம்பர நிறுவனத்தாலும் செய்து காட்ட முடியாது.

இந்தக் கூட்டத்தை லீக் என்ன செய்தது? 2017-இல் டெல்லி கே. டி. ஜாதவ் அரங்கிலும் 2018-இல் டெல்லி சிரிஃபோர்ட் அரங்கிலும் போட்டிகளை நடத்தியது. பெயரில் மும்பை, பஞ்சாப், ஹரியாணா, மோதுவதோ டெல்லியில். கபடி தன் முதல் பருவத்தில் ஒவ்வோர் அணியின் நகரத்துக்கும் சென்று அங்கேயே சில நாள்கள் தங்கி ஆடியதை நினைத்துப் பார்க்க வேண்டும். தன் ஊருக்கு வராத அணியைத் தன் அணி என்று யாரும் நினைப்பதில்லை.

நம்பகத்தன்மையைப் பற்றியும் ஒரு சொல். 2017 பருவத்தின்போது யோகா குரு ராம்தேவ், 2008 ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கக்காரரான உக்ரைனின் ஆந்திரே ஸ்டாட்னிக்குடன் ஒரு காட்சி ஆட்டத்தில் இறங்கி 12-0 என்று வென்றார். செய்தித்தாள்களில் இடம் கிடைத்தது உண்மை. ஆனால் டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிழலிலிருந்து விலக வேண்டிய ஒரு லீக், தன் சொந்த மேடையிலேயே அந்த நிழலை வரவழைத்துக்கொண்டது. மறுபுறம், 2025 பிப்ரவரியில் அகில்யாநகரில் நடந்த மகாராஷ்டிர கேசரியில், முதுகு பதிந்ததா இல்லையா என்ற தகராறில் தோற்ற வீரர் நடுவரை உதைத்து மூன்றாண்டுத் தடைக்கு ஆளானார். கூட்டம் பெரிதாகும்போது காணொளி மறுபரிசீலனையும் நடுவர்களின் தரமும் சேர்ந்தே வளர வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை.

பதில் 3: நெல்லைச் சுடர்

எனக்கு இந்த ஆர்வத்தின் மேலேயே ஐயம் இருக்கிறது. ரயில்வே, ராணுவம், காவல்துறை ஆகியவற்றின் வேலையே நம் மல்யுத்த வீரர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்வாதாரம். சர்வதேசப் பதக்கம்தான் அந்த வேலைக்கும் பதவி உயர்வுக்கும் வழி. மூன்று வாரத்தில் பலமுறை எடை குறைத்து, காயம் பட்டால் ஆசியப் போட்டியை இழக்கும் ஆபத்தில் ஒருவர் லீக்கில் எதற்காக முழு மூச்சுடன் மோத வேண்டும்? மேலும், 2023-இல் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு நீதி கேட்டு வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் அமர்ந்ததையும், உரிய காலத்தில் தேர்தல் நடத்தாததற்காக இந்திய மல்யுத்தச் சம்மேளனத்தை உலக அமைப்பு அந்த ஆகஸ்டில் இடைநீக்கம் செய்ததையும் மறந்துவிட்டு விதிகளை மட்டும் பேசுவது எனக்கு ஏற்பில்லை. மகளை அனுப்பவே பெற்றோர் தயங்கும் ஓர் அமைப்பு முதலில் தன்னைச் சீர்செய்துகொள்ளட்டும்.

பதில் 4: உறையூர் வாசகி

நெல்லைச் சுடர் அவர்களின் கடைசி வாக்கியத்துடன் எனக்கு முழு உடன்பாடு. லீக்கின் அணிகளில் பெண்கள் தொடக்கத்திலிருந்தே இடம்பெற்றது அதன் மிகச் சிறந்த முடிவு என்பதால், அவர்களுடைய பாதுகாப்பு இந்த விவாதத்துக்கு அடித்தளம்.

வாழ்வாதாரம் குறித்து மட்டும் இரண்டு வெளிநாட்டு உதாரணங்களைச் சொல்கிறேன். செனகல் நாட்டின் லாம்ப் மல்யுத்தம், அறுவடைக் காலக் கிராம விளையாட்டாக இருந்தது. 1920-களில் டக்காரில் திரையரங்கு நடத்திய மோரிஸ் ஜாக்கேன் என்ற பிரெஞ்சுக்காரர் நுழைவுக் கட்டணம் வைத்து நடத்தத் தொடங்கிய அது, இன்று கால்பந்துக்கு நிகரான மோகமாகிவிட்டது. 2018-இல் டக்கார் அருகே பிக்கீனில் இதற்கென்றே சுமார் 20,000 பேர் அமரும் அரங்கம் திறக்கப்பட்டது. அங்கே முன்னணி வீரர் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் மோதுகிறார். ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து மோதல் நாள் வரை மாதக்கணக்கில் முரசும் பாட்டும் நேருக்கு நேர் சவாலும் நடக்கின்றன. பணமும் அந்தக் காத்திருப்பில்தான் சேர்கிறது. கையால் குத்தவும் அனுமதிக்கும் ஆட்டம் என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எதிர்பார்ப்பை வளர்க்கும் பொறுமையை எடுத்துக்கொள்ளலாம். மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் நடத்தி முடிக்கும் நம் லீக், ஒரு வீரரின் பெயர் ரசிகரின் மனத்தில் பதிவதற்குள் திரையை இறக்கிவிடுகிறது.

ஜெர்மனியின் மல்யுத்த லீக்கான பண்டஸ்லிகா இதற்கு நேர் எதிர். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை மாலைகளில், சிறிய ஊர்களின் உள்ளரங்குகளில், கால்களையும் பிடிக்கும் ஃப்ரீஸ்டைலும் இடுப்புக்கு மேல் மட்டும் பிடிக்கும் கிரேக்க-ரோமானிய பாணியும் கலந்த பத்து ஆட்டங்கள். பலமுறை பட்டம் வென்ற புர்க்ஹவுசன் சுமார் 20,000 பேர் வாழும் ஊர். வெளிநாட்டு வீரர்கள் ஊதியத்துக்கு வந்து மோதிவிட்டுப் போகிறார்கள். உள்ளூர் வீரர்கள் பலர் வேறு வேலையும் பார்க்கிறார்கள். பெரும் செல்வம் இல்லை. ஆனால் எல்லா வீரர்களும் எல்லா வாரமும் எடை குறைக்க வேண்டியதில்லை, ஒலிம்பிக் பயிற்சியும் கெடுவதில்லை.

வைகைக்கரையான்:

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் பெருநகரங்களை விட்டுவிட்டு, குஸ்தி ஏற்கெனவே வாழும் ஊர்களில் தொடங்குவதுதான் சரியா? அப்படிச் செய்தால் தொலைக்காட்சி வருமானம் குறையாதா?

பிடிமானம்:

குறையும், முதல் சில ஆண்டுகளுக்கு. ஆனால் காலியான இருக்கைகளைக் காட்டும் ஒளிபரப்பைவிட, ரோத்தக்கிலோ கோலாப்பூரிலோ சாங்லியிலோ நிரம்பி வழியும் ஓர் அரங்கைக் காட்டும் ஒளிபரப்புக்குத்தான் விளம்பரதாரர் திரும்பி வருவார். மூன்று வாரத் திருவிழாவுக்குப் பதிலாக, சர்வதேச நாட்காட்டி ஓய்ந்திருக்கும் குளிர்கால மாதங்களில் வார இறுதிகளில் மட்டும் ஆட்டங்கள். ஒரே எடைப்பிரிவுக்கு அணியில் இரண்டு வீரர்கள். வித்தியாசத்துக்கு ஏற்ற அணிப்புள்ளி. சமநிலையில் முடிந்தால் முதல் புள்ளி எடுப்பவர் வெல்லும் கூடுதல் நேரம். 'பிளாக்' விதி ரத்து. இவற்றில் எதற்கும் பெரும் முதலீடு தேவையில்லை. சம்மேளனத்தின் பிடியிலிருந்து விலகிய தனி ஒழுங்குக் குழுவும் புகார்ப் பிரிவும் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது; நெல்லைச் சுடர் அவர்களின் எச்சரிக்கையை ஏற்று இதை முதல் நிபந்தனையாக வைப்பேன்.