தொடங்காத கணினியிலிருந்து கோப்பை எடுப்பதற்கு ‘மீட்பு’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> ‘தரவு மீட்பு’ புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

கணினிக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் சென்னை நண்பர் நேற்று இப்படிக் கேட்டிருந்தார். புழங்கும் சொல்லை மாற்ற எனக்கும் மனம் வராது. ஆனால் இந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் பட்டது பெரிது.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பெரியப்பாவிடம் விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. ஒருநாள் கறுப்புத் திரையில் ‘என்ரிஎல்டிஆர் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. உள்ளே பத்து வருடப் படங்கள், அவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிவைத்த குடும்ப வரலாறு. கடைக்குக் கொண்டுபோய் “றிக்கவரி செய்து தாங்கோ” என்றார். கடைத் தம்பியும் செய்தார். வன்தட்டின் ஒரு பகுதியில் தயாரிப்பாளர் வைத்திருந்த மூலப்பிரதியிலிருந்து விண்டோஸைத் திரும்ப இறக்கிவிட்டார். கணினி வாங்கிய அன்று இருந்ததுபோல எழும்பியது. கோப்பு ஒன்றும் இல்லை.

“எல்லாம் போச்சுதோ மோனை?” என்று பெரியப்பா கேட்டது இப்பவும் காதில் நிற்கிறது.

அவர் கேட்டது கோப்பை. தம்பி திருப்பிக் கொடுத்தது கணினியை. ஒன்று மற்றதை அழிக்கும் வேலை, இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். அந்தப் பிழைச்செய்திக்குப் பொருள், விண்டோஸைத் தொடக்கிவைக்கும் சின்னக் கோப்பு ஒன்று அகப்படவில்லை என்பது மட்டுமே. மற்றவை அநேகமாக இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவால் கணினியைத் தொடக்கி, எல்லாவற்றையும் வேறொரு வட்டுக்குப் பிரதி எடுத்திருக்கலாம்.

மீட்பு என்றால் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது அடகு மீட்பது. நகை வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கிறது, அடகுத் துண்டைக் காட்டி வாங்கிவருகிறோம். காப்புப்பிரதியிலிருந்து திரும்ப நிறுவுவதும் அதுவேதான். ஆகவே ‘மீட்பு’ அந்த வேலைக்கே இருக்கட்டும்.

தொடங்காத கணினியிலிருந்து கோப்புகளை வெளியே கொண்டுவருவதற்குக் ‘கரையேற்றல்’ என்ற சொல்லை மறுபடியும் முன்வைக்கிறேன். படகின் எஞ்சின் நின்றுவிட்டால், எஞ்சின் திருத்தும் வேலை பிறகு. முதலில் மீனைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். வினையாகவும் நன்றாக வளையும்: கரையேற்று, கரையேற்றினேன், கரையேறாத கோப்புகள். ‘பக்தி வாடை அடிக்கிறது’ என்று கிளிநொச்சி ஆசிரியர் எழுதியிருந்தார். ஐயா, “மூன்று பெட்டைகளையும் கரையேற்றிவிட்டன்” என்று அன்றாடம் சொல்கிறோம். சமயத்தை விட வீட்டுக்குள்தான் அது கூடப் புழங்குகிறது.

மீட்பதும் கரையேற்றுவதும் போக, அழிந்த கோப்பைத் தேடி எடுக்கும் மூன்றாவது வேலைதான் எனக்கு வாய்த்தது. வன்தட்டைக் கழற்றினேன். இணைப்பில் நாற்பது ஊசி உள்ள பழைய ஐடிஈ வகை. யூஎஸ்பி மாற்றியில் கொழுவி, ஃபோட்டோறெக் மென்பொருளை ஓடவிட்டேன். அது கோப்புப் பட்டியலை நம்புவதில்லை. தட்டைத் துண்டுதுண்டாக வாசித்து, தொடக்கத்தில் ‘எஃப்எஃப் டி8 எஃப்எஃப்’ என்ற குறியீட்டைக் கண்டால் ஜேபெக் படம் என்று பிடித்து எடுக்கும். பெயர் வராது, இலக்கம்தான் வரும். பெரியம்மா கிணற்றடியில் நிற்கும் படம் இடுப்புவரை வந்தது; அதற்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை, அந்த இடத்தில் விண்டோஸ் தன் கோப்பை எழுதிவிட்டது. குடும்ப வரலாற்றில் இரண்டு அத்தியாயங்கள் அகப்பட்டன. பாமினி எழுத்துரு இல்லாத என் மடிக்கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறந்தன. எழுத்துருவை நிறுவிய பிறகு பெரியப்பா பக்கத்தில் இருந்து வாசித்தார்.

இதற்கு மட்டக்களப்பு அக்கா சொன்ன ‘கோப்புச் செதுக்கல்’, ‘ஃபைல் காவிங்’ (file carving) என்ற ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. செதுக்குகிறவர் வேண்டிய உருவத்தைத் தானே உண்டாக்குகிறார். இங்கே நாம் உண்டாக்குவது எதுவுமில்லை, புதைந்ததைத் தோண்டுகிறோம். யாழ்ப்பாணத்தில் தொல்லியல் அகழ்வு நடந்த கந்தரோடையில் கிடைத்த ஓடுகளிலும் நாணயங்களிலும் பெயர்ச்சீட்டா இருந்தது? வடிவத்தைப் பார்த்துத்தானே இனங்கண்டார்கள். ‘கோப்பகழ்வு’ என்போமே.

‘ஃபைல்’ என்பதற்குக் ‘கோப்பா கோவையா’ என்ற பழைய வழக்கை இந்த இழையில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸின் தெரிவுப் பட்டியலில் இந்தச் சொற்கள் இப்படி வரலாம் என நினைக்கிறேன்:

கோப்புகளைக் கரையேற்று
அழிந்த கோப்புகளை அகழ்ந்தெடு
கணினியை மீட்டு நிறுவு (கோப்புகள் அழியும்)

மூன்றாவது வரியில் ‘மீட்டு’ என்பதே வேண்டாம், ‘புதிதாக நிறுவு’ போதும் என்று வீட்டில் தங்கச்சி சொல்கிறாள். பெரியப்பா போன்ற ஒருவர் அந்த வரியை அமத்தாமல் இருக்க எது உதவும் என்று உங்கள் கருத்தை எழுதுங்கள்.