கசியுரம்: எலுமிச்சை வேர்ச்செடிக் கையேட்டுக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

எலுமிச்சை, ஆரஞ்சு வேர்ச்செடி (ஒட்டுக்கட்ட அடிச்செடியாக வளர்ப்பது) நாற்றுகளுக்கான கையேட்டு வரைவில் ‘ஸ்லோ ரிலீஸ்’, ‘கன்ட்ரோல்ட் ரிலீஸ்’ இரண்டுக்கும் ‘மெதுவாகக் கரையும் உரம்’ என்றே போட்டிருக்கிறோம். இதை மாற்றியே ஆகவேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர் சிங்கப்பூர் வெயிலில் நாற்றைக் கருக்கிவிடுவார்.

‘ஸ்லோ ரிலீஸ்’ வகையான யூரியா-ஃபார்மால்டிஹைடு போன்றவை எளிதில் கரையாதவை. நுண்ணுயிரிகள் சிதைக்கச் சிதைக்கத் தழைச்சத்து (நைட்ரஜன்) வெளிவரும். இவற்றுக்கு ‘மெல்கரையுரம்’ பொருந்தும். ‘கன்ட்ரோல்ட் ரிலீஸ்’ வகையான ஆஸ்மோகோட் போன்ற உரக் குருணைகளின் உள்ளே இருப்பதோ நீரில் சட்டெனக் கரையும் உப்பு. அதன்மேல் மெல்லிய பாலிமர் உறை. ஈரம் உறைக்குள் புகுந்து உப்பைக் கரைக்க, கரைசல் உறை வழியே கசியும். எவ்வளவு வேகமாகக் கசியும் என்பதை முக்கியமாக வெப்பமே தீர்மானிக்கிறது. எனவே ‘கசியுரம்’ என்பது என் பரிந்துரை.

‘உறையுரம்’ என்றும் ஒருவர் சொன்னார். அதை உறைந்த உரம் என்றும் படிக்கலாம். மேலும், கந்தகம் பூசிய யூரியாவுக்கும் உறை உண்டு. ஆனால் அந்த உறை விரிசல்விட்டுத் திறக்கும். ‘கட்டுப்படுத்தப்பட்ட வெளியீட்டு உரம்’ நாற்றங்காலில் யார் வாயிலும் நுழையாது.

கையேட்டில் சொல் வரும் இடங்களில் வைத்துப் பார்ப்போம். முளைத்த நாற்றுக்கு மண்ணுக்குள் இருக்கும் விதையிலையின் சேமிப்பே முதலில் போதும். இரண்டு மூன்று உண்மை இலை விரிந்தபின் 20-20-20 கரையுரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 20 சதவீதம்), லிட்டர் நீருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. லிட்டருக்கு 100 மில்லிகிராம் தழைச்சத்து கிடைக்கும். இரண்டு லிட்டர் நாற்றுப் பைக்கு மாற்றும்போது நடவுக் கலவை லிட்டருக்கு 3 கிராம் கசியுரம், அதாவது பைக்கு 6 கிராம், சீராகக் கலக்கவேண்டும். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை வெந்துபோகும். கலவை இயந்திரத்தில் நெடுநேரம் சுற்றவிட்டால் உறை உடைந்து உப்பு மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். கலந்ததை ஈரத்தோடு வாரக்கணக்கில் மூட்டைகட்டி வைத்தாலும் உப்பு சேர்ந்துவிடும். நட்டதும் இலைநுனி கருகுவது அதனால்தான். வேர்ச்செடி வகைகளில் மூவிலை ஆரஞ்சும் காரிசோவும் குளோரைடைத் தாங்காதவை. அவற்றுக்குச் சாம்பல்சத்தை (பொட்டாசியம்) நைட்ரேட்டாகவோ சல்ஃபேட்டாகவோ கொடுங்கள். கிளியோபாட்ரா மாண்டரின் அந்த வகையில் தேவலை.

கசியுரப் பையில் ‘8–9 மாதம்’ என்றிருப்பது பெரும்பாலும் 21 டிகிரி செல்சியஸுக்கான கணக்கு. இங்கே பகலில் நிழலிலேயே 31 டிகிரியைத் தொடும். வெயில்படும் கறுப்பு நாற்றுப் பைக்குள் இன்னும் கூடும். ஆரம்பத்தில் மிஞ்சிக் கசியும், பிறகு சொன்ன காலத்துக்கு வெகு முன்பே தீர்ந்துபோகும். இந்தக் காலத்தைக் ‘கசிவுக்காலம்’ எனலாம். சொல் இப்படிக் கிளைவிடுவதும் அதை ஏற்க ஒரு காரணம்.

தீர்ந்ததா என்று அறிய நான்கைந்து குருணைகளை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள். புதியது கல்போல் இருக்கும். பாதி தீர்ந்தது பிதுங்கும், வெள்ளை உப்பும் நீரும் வரும். தீர்ந்ததில் தெளிந்த நீர் மட்டுமே. வெறும் தோல் கையில் நிற்கும். தீர்ந்தபிறகும் உருண்டை வடிவம் மாறாது. அதனால் உரம் மிச்சமிருப்பதாக எண்ணிப் பலர் மேலுரம் போடாமல் விடுகிறார்கள். நத்தை முட்டை என்று பொறுக்கி எறிபவர்களும் உண்டு.

*

ஐயா, வணக்கம்.

‘கசியுரம்’ எனக்கு உடன்பாடே. ஒரு சிக்கல் மட்டும். தொட்டிக்கு அடியில் வரும் நீரையும் நம் சமூகத் தோட்டங்களில் ‘கசிவு’ என்கிறோம். ‘கசிவை அளந்து பார்’ என்று எழுதினால் எதை அளப்பது? அடியில் வருவதை ‘வடிநீர்’ என்று பிரித்துவிடலாம். நன்றாக நீர்விட்டு ஒரு மணி நேரம் கழித்து, மேலே கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, வடிநீரில் 50 மில்லிலிட்டர் பிடித்து உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பார்க்கவேண்டும். நாற்றுக்கு அது மீட்டருக்கு 2 டெசிசீமென்ஸைத் தாண்டினால் வெறும் நீர்விட்டு அலசுவது நல்லது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதைத் தொட்டிகளின் தட்டில் தேங்குவதும் வடிநீர்தான். ஏடிஸ் கொசுவுக்காக அதைக் கொட்டச் சொல்கிறோம். உப்பும் அதில் சேர்ந்திருப்பதால் செடிக்கே திரும்ப ஊற்றக்கூடாது என்றும் எழுதவேண்டும்.

வரைவில் இச்சொற்களை மாற்றி, குருணைப் பையின் படத்துக்குக் கீழே 21 டிகிரி குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறேன்.