நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம்: காற்றுக்காகவா, கஜானாவுக்காகவா?

நிழற்சாலை:
வாகனப் புகையைக் குறைக்கத் திட்டமிடும் அரசுகள் முதலில் கை வைப்பது புதிய வண்டிகளுக்கான விதிகளில்தான். அவை தேவைதான். ஆனால் ஏற்கெனவே சாலையில் இருக்கும் வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடுமே! உடனே பலன் தருவது நெரிசல் கட்டணம், அதாவது நெரிசலான நகர மையத்துக்குள் நுழையும் வண்டிகளிடம் வாங்கும் கட்டணம். சுவீடனின் ஸ்டாக்ஹோமில் இதை 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதித்துப் பார்த்தார்கள். கட்டண எல்லையைக் கடந்த வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. எதிர்ப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

பழைய டீசல்:
வந்துவிட்டேன். வசதியுள்ளவர் கட்டணத்தை வீசிவிட்டுக் காலியான சாலையில் பறப்பார். மற்றவர்கள் வராத பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். புகை விடும் உரிமையை விலைக்கு விற்பதற்குச் சுற்றுச்சூழல் திட்டம் என்று பெயரா? மெக்சிகோ சிட்டியில் 1989இல் பதிவெண்ணின் கடைசி இலக்கப்படி வாரத்தில் ஒரு நாள் ஓட்டத் தடை விதித்தார்கள். என்ன ஆயிற்று? பலர் இரண்டாவது கார் வாங்கினார்கள், அதுவும் பழைய கார்!

நிழற்சாலை:
அது தடை, கட்டணம் அல்ல. இரண்டாவது கார் வாங்கினால் தடையிலிருந்து தப்பலாம், கட்டணத்திலிருந்து தப்ப முடியாது. நீங்கள் காட்டிய உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது.

மின்னோட்டம்:
எதற்கு இந்தச் சண்டை? எல்லாவற்றையும் மின்வண்டியாக்கிவிட்டால் தீர்ந்தது. சீனாவின் ஷென்சென் நகரம் 2017க்குள் தன் பஸ்கள் அனைத்தையும் மாற்றிவிட்டதே!

தூசிக்கணக்கர்:
தீராது ஐயா. டயர் தேய்கிறது, பிரேக் தேய்கிறது, சாலைத் தூசி கிளம்புகிறது. இந்த நுண்துகள்கள் புகைக்குழாய் வழியாக வருவதில்லை. மின்வண்டியில் பிரேக் தேய்மானம் குறைவு என்பது உண்மை. எடை கூடுதல், அதனால் டயர் அதிகம் தேயும் என்பதும் உண்மை. ஆண்டுச் சராசரி நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. வண்டிகளின் எண்ணிக்கையைத் தொடாமல் அந்த அளவை நெருங்குவது கடினம்.

பழைய டீசல்:
நிழற்சாலை அவர்களே, ஸ்டாக்ஹோம் கதையில் பாதியை விழுங்கிவிட்டீர்கள். அங்கே கூடுதல் பஸ்கள் 2005 ஆகஸ்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டன. கட்டணம் வந்தது அதற்குப் பின்புதான். நம் திட்டக்காரர்கள் கட்டணம் வசூலிக்க வண்டி எண்ணைப் படிக்கும் கேமராவை முதலில் மாட்டுவார்கள், பஸ்ஸைப் பிறகு யோசிப்பார்கள்.

நிழற்சாலை:
மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். பஸ் மட்டும் கூடியிருந்த அந்த மாதங்களில் கார் போக்குவரத்து குறிப்பிடும்படி குறையவே இல்லை. கட்டணம் வந்ததும் குறைந்தது. சோதனை முடிந்ததும் கார்களில் பெரும்பகுதி திரும்பி வந்தன.

பழைய டீசல்:
சரி, பஸ் மட்டும் போதாது என்பதை ஏற்கிறேன். ஆனால் காரை விட்டவர்களை ஏற்றிச் செல்ல அது அங்கே தயாராக இருந்தது, அல்லவா? பணம் எங்கே போகும் என்பதற்கும் பதில் வேண்டும். லண்டனில் கட்டண வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பழைய வண்டியைக் கழிப்பவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தார்கள். இந்த இரண்டையும் சட்டத்திலேயே எழுதட்டும், கட்டணத்துக்கு ஆறு மாதம் முன்பே பஸ்களை விடட்டும். அதுவரை என் வாக்கு எதிர்ப்புக்குத்தான்.

நிழற்சாலை:
சட்டத்தில் எழுதச் சொல்வதில் உங்களோடு நிற்கிறேன். ஆறு மாதம் என்பதைத்தான் ஏற்க மாட்டேன். பஸ் வாங்குவதைத் தள்ளிப்போட்டே கட்டணத்தையும் தள்ளிப்போட அரசுக்கு அது நல்ல சாக்காகிவிடும்.